ஜெனரேட்டரில் போர் மோட்டார்: முதல் நொடியும் கடைசி நொடியும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. விளக்கும் மின்விசிறியும் இல்லாமல் எப்படியோ நாளைக் கடத்திவிடலாம். தண்ணீர் இல்லாமல் முடியாது. போர் இருக்கிறது, போரில் தண்ணீரும் இருக்கிறது, அதை மேலே கொண்டுவர மின்சாரம் மட்டும் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துக் குட்டி யானையில் ஏற்றி, வீடு வீடாகப் போய்த் தொட்டி நிரப்பிக் கொடுத்தவர்களை அந்த வாரங்களில் டெல்டா முழுவதும் பார்க்க முடிந்தது. 2011 தானே, 2016 வர்தா, 2023 மிக்ஜாம் என்று ஒவ்வொரு புயலும் தான் போன பாதையில் இதே தேவையை விட்டுச் சென்றிருக்கிறது.

ஆகவே வசதியுள்ள பலர் சொந்தமாக ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாங்கிய பிறகு வரும் புகாரும் எல்லா ஊரிலும் ஒன்றேதான். "மூணு கே.வி.ஏ. ஜெனரேட்டர், ஒரு ஹெச்.பி. மோட்டாரை எடுக்க மாட்டேங்குது." ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஜெனரேட்டர் தருவதோ மூவாயிரத்துக்குப் பக்கம். நான்கில் ஒரு பங்கு சுமையைக்கூட அதனால் தாங்க முடியாதா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலரும் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்துக்கு அந்த ஜெனரேட்டர் தாராளமாகவே போதும். அது புறப்படும் முதல் ஒரு நொடிக்குத்தான் போதாது.

நம் போர்களில் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டார் ஒரு தூண்டல் மோட்டார். வெளிச்சுற்றில் உள்ள சுருள்களில் மின்சாரம் பாயும்போது அங்கே ஒரு காந்தப்புலம் சுழலத் தொடங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், இரு துருவ மோட்டாரில், அதன் வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று. உள்ளே இருக்கும் ரோட்டாருக்கு வெளியிலிருந்து வயர் எதுவும் போவதில்லை. அதிலுள்ள கம்பிகள் இரு முனையிலும் குறுக்காக இணைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். சுழலும் புலத்துக்கும் ரோட்டாருக்கும் உள்ள வேக வித்தியாசமே அந்தக் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மோட்டார் நன்றாக ஓடும்போது ரோட்டாரும் ஏறத்தாழ 2850 சுற்றில் போய்க்கொண்டிருக்கும். வித்தியாசம் 5 சதவீதம்தான். அதற்கேற்ற சிறு மின்னோட்டம் போதும். பொத்தானை அழுத்திய கணத்தில் ரோட்டார் அசையாமல் நிற்கிறது, புலமோ முழு வேகத்தில் சுற்றுகிறது. வித்தியாசம் நூறு சதவீதம். அந்தக் கணத்தில் மோட்டார் ஒரு மோட்டாராகவே இருப்பதில்லை. வெளிமுனை ஷார்ட் ஆன ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எப்படி மின்சாரத்தை உறிஞ்சுமோ அப்படி உறிஞ்சுகிறது.

எண்ணில் பார்த்தால் இதன் கடுமை புரியும். ஒரு ஹெச்.பி. ஒற்றை பேஸ் சப்மெர்சிபிள் ஓடும்போது 6 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். புறப்படும்போது அதைப்போல நான்கைந்து மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல் எடுக்கும். 35 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அது எட்டாயிரம் வோல்ட்-ஆம்பியர். தெருமுனையில் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் பல்பு ஒரு முறை மங்கி மீளும், அவ்வளவுதான். கைப்பிடி வைத்துத் தூக்கக்கூடிய ஜெனரேட்டருக்கு அது அதன் முழுத்திறனைவிட இரண்டு மூன்று மடங்கு.

அப்போது என்ன நடக்கிறது? ஜெனரேட்டரின் வோல்ட்டேஜ் சரிகிறது. வோல்ட்டேஜ் சரிந்தால் மோட்டாரின் முறுக்குவிசை அதன் இருபடியாகக் குறைகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அதாவது 35 சதவீதம் வோல்ட்டேஜ் போய்விட்டால், மிஞ்சுவது 65 சதவீதம். முறுக்குவிசையோ 42 சதவீதம்தான். நல்லவேளையாக, பம்ப் நம் பக்கம் இருக்கிறது. மையவிலக்கு பம்ப் நிற்கும்போது ஏறத்தாழ எதையும் கேட்பதில்லை. வேகம் கூடக்கூடத்தான் அதன் சுமை கூடுகிறது. மாவு நிறைந்த கிரைண்டரையோ அழுத்தம் ஏறிய காற்று கம்ப்ரசரையோ கிளப்புவதைவிட இது எளிது. அதனால் 42 சதவீத முறுக்குவிசையிலும் மோட்டார் மெல்ல வேகம் பிடித்து, தன் பசியைக் குறைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு வந்துவிடும். அதற்கும் கீழே வோல்ட்டேஜ் விழுந்தால் ரோட்டார் அசையாது. ஜெனரேட்டர் உறுமும், எஞ்சின் திணறும், மோட்டாரின் சுருள் மட்டும் சூடேறிக்கொண்டே போகும். மின்னோட்டம் மூன்று மடங்கானால் சுருளில் வெப்பம் ஒன்பது மடங்கு. பேனலில் உள்ள ஓவர்லோடு ட்ரிப் சரியான நேரத்தில் வெட்டினால் பிழைத்தோம். இல்லையென்றால் மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்ட வேண்டியதுதான். 200 அடி பைப்பைக் கழற்றித் தூக்குவதற்கு என்ன கூலி ஆகும் என்பது போர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

எனவே ஜெனரேட்டரின் அளவை ஓடும் சுமையை வைத்து முடிவுசெய்யக் கூடாது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் தோன்றிய பிராங்க்ளின் எலக்ட்ரிக், சப்மெர்சிபிள் மோட்டார்களைப் பல பத்தாண்டுகளாகத் தயாரித்துவரும் நிறுவனம். அதன் கையேட்டில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. புறப்படும்போது 35 சதவீதம் வரை வோல்ட்டேஜ் சரியலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. தனி ரெகுலேட்டர் கொண்ட சாதாரண ஜெனரேட்டராக இருந்தால், அரை ஹெச்.பி. மோட்டாருக்குக் குறைந்தது 2 கிலோவாட், முக்காலுக்கு 3, ஒன்றுக்கு 4, ஒன்றரைக்கு 5, இரண்டுக்கு 7.5 கிலோவாட் வேண்டும் என்கிறது. ஒரு ஹெச்.பி.க்கு நான்காயிரம் வாட். 746 என்ற எண்ணோடு கடைக்குப் போனவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் இயற்பியல் கேட்பது அதைத்தான்.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஜெனரேட்டரின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் உச்சத்திறன். தொடர்ந்து தரக்கூடியது அதைவிடக் குறைவு, சிறிய எழுத்தில் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, கே.வி.ஏ.வும் கிலோவாட்டும் ஒன்றல்ல. கே.வி.ஏ. எண்ணை 0.8-ஆல் பெருக்கிக் கிலோவாட்டாகக் கொள்வது பாதுகாப்பானது. அப்படிப் பார்த்தால் ஒரு ஹெச்.பி. மோட்டாருக்கு 5 கே.வி.ஏ. வாங்குவதுதான் முறை. சத்தமில்லாத, எடை குறைந்த இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் இப்போது நிறைய வருகின்றன. டி.வி.க்கும் கணினிக்கும் அவை அருமையானவை. மோட்டார் விஷயத்தில் அவற்றின் மின்னணுச் சுற்று ஒரு நொடிகூடப் பொறுக்காது. மின்னோட்டம் எல்லையைத் தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள உடனே நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படியே.

வயரையும் மறக்கக் கூடாது. ஜெனரேட்டர் போர்ட்டிகோவுக்கு வெளியே, போர் கொல்லையில், மோட்டாரோ 60 மீட்டர் ஆழத்தில். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். 60 மீட்டர் போய்த் திரும்பினால் 120 மீட்டர். அதாவது ஏறக்குறைய 1.45 ஓம். 30 ஆம்பியர் பாயும் அந்த முதல் நொடியில் 43 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடுகிறது. ஏற்கெனவே தள்ளாடும் ஜெனரேட்டரிலிருந்து இன்னும் 43 வோல்ட். இதோடு கல்யாணப் பந்தலுக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரையும் சேர்த்தால் மோட்டார் புறப்படாததில் வியப்பில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இதே இழப்பு 27 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். "ஜெனரேட்டர் சின்னது" என்று குறைசொல்லும் முன் கேபிளைப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

ஒற்றை பேஸ் பேனலின் உள்ளே இரண்டு கண்டென்சர்கள் இருக்கும். ஒன்று எப்போதும் சுற்றிலேயே இருப்பது. பெரியது மோட்டாரைக் கிளப்ப மட்டும். பல பேனல்களில் பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும். லைனில் ஒரு நொடி பிடித்து விட்டால் போதும். ஜெனரேட்டரில் மோட்டார் சற்று மெதுவாக எழும் என்பதால் இரண்டு நொடி பிடிக்கலாம். பத்து நொடி பிடித்தால் கண்டென்சர் வெடிக்கக்கூடும். இரண்டு முறை முயன்றும் எழவில்லை என்றால் மூன்றாம் முறை வேண்டாம். சுருள் ஆறட்டும், காரணத்தைத் தேடுங்கள்.

இவ்வளவும் ஒற்றை பேஸ் மோட்டாருக்கு. விவசாய இணைப்பில் ஓடும் மூன்று பேஸ் மோட்டாரை இத்தகைய சிறு ஜெனரேட்டர் ஓட்டாது. அதற்கு மூன்று பேஸ் தரும் பெரிய டீசல் ஜெனரேட்டரோ டிராக்டரில் பூட்டும் ஆல்ட்டர்னேட்டரோ வேண்டும். வி.எஃப்.டி. என்னும் கருவியை வைத்து ஒற்றை பேஸ் வாங்கி மூன்று பேஸாக மாற்றி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றலாம். முதல் நொடிப் பாய்ச்சலே இருக்காது. புதிதாகப் போர் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய வழி அது. புயலுக்கு மட்டும் என்றால் செலவு அதிகம்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. ஜெனரேட்டர்காரர்களை அதிகம் குழப்பும் விஷயம் இது. வோல்ட்மீட்டர் 220 காட்டும், ஆம்பியர் முள்ளும் நிற்கும், குழாய் மட்டும் வறண்டிருக்கும். இங்கே பார்க்க வேண்டியது வோல்ட்டேஜை அல்ல, அதிர்வெண்ணை. ஜெனரேட்டரின் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ். கவர்னர் தளர்ந்தோ, ஏர் ஃபில்டர் அடைத்தோ, சுமை கூடியோ அது 2700-க்கு இறங்கினால் 45 ஹெர்ட்ஸ். மோட்டாரின் வேகமும் அதே அளவில் இறங்கும். பத்து சதவீதம்தானே என்று விட முடியாது. மையவிலக்கு பம்ப் தரும் தண்ணீரின் அளவு வேகத்தின் வீதத்தில் குறையும். அது எட்டும் உயரம் வேகத்தின் இருபடியில் குறையும். அது எடுக்கும் திறன் முப்படியில் குறையும். 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சமாக 90 மீட்டர் தள்ளக்கூடிய பம்ப், 45-ல் 73 மீட்டருக்கு மேல் தள்ளாது. உங்கள் போரின் நீர்மட்டத்திலிருந்து மாடித் தொட்டி வரை 75 மீட்டர் என்றால் தண்ணீர் குழாயின் நடுவிலேயே நின்றுவிடும். பம்ப் அதே தண்ணீரை உள்ளுக்குள் கடைந்துகொண்டிருக்கும். மோட்டாரைக் குளிரவைப்பது அதன் உடலை உரசிக்கொண்டு மேலேறும் தண்ணீர்தான். அது நகராவிட்டால் மோட்டார் தண்ணீருக்குள் இருந்தபடியே வெந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. மோட்டார் எடுக்கவில்லை என்று எஞ்சினின் வேகத் திருகை முறுக்கி 55 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் பம்ப் கேட்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரு ஹெச்.பி. மோட்டாரின் தலையில் 1.33 ஹெச்.பி. சுமை. வெளிப்பார்வைக்குத் தண்ணீர் வேகமாகக் கொட்டும். உள்ளே சுருள் கருகும். பிளக்கில் செருகினால் வோல்ட்டேஜையும் ஹெர்ட்ஸையும் காட்டும் சிறு மீட்டர்கள் மின்சாமான் கடைகளில் கிடைக்கின்றன. ஜெனரேட்டருக்கு வாங்க வேண்டிய முதல் துணைப்பொருள் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. சுமையில்லாமல் 52 வரை காட்டலாம்; மோட்டார் ஓடும்போது 49-க்கும் 51-க்கும் நடுவில் நிற்க வேண்டும். வோல்ட்டேஜ் 207-க்குக் கீழே போகக் கூடாது.

நிறுத்துவதற்கு வருவோம். முதல் நொடியைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்கள்கூடக் கடைசி நொடியைப் பொருட்படுத்துவதில்லை. தொட்டி நிரம்பி வழிகிறது. ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்பவர் அதன் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார். எஞ்சின் தடதடவென்று அடங்குகிறது, அதோடு மோட்டாரும் நிற்கிறது. வேலை முடிந்தது. அல்லது பெட்ரோல் தீர்ந்து, எஞ்சின் இரண்டு முறை இருமி, தானாக நின்றுபோகிறது. மோட்டாருக்குத் தீங்கு செய்வதில் இந்த இரண்டும் ஒன்றுதான்.

சப்மெர்சிபிள் செங்குத்தாக நிற்கும் இயந்திரம். மேலே பம்பின் விசிறிகள் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளத்தள்ள, அதன் எதிர்விசை தண்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம் முழுவதையும் மோட்டாரின் அடியில் இருக்கும் ஒரு தாங்கி ஏற்கிறது. அதில் பந்துகள் இல்லை, கிரீஸ் இல்லை. தண்டோடு சுற்றும் ஒரு கார்பன் வட்டு. அதன் கீழே, லேசாகச் சாயக்கூடிய துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகள். வட்டு வேகமாகச் சுற்றும்போது மோட்டாருக்குள் இருக்கும் நீர் இழுபட்டு இடையில் புகுந்து, ஓர் ஆப்பு வடிவப் படலமாகி, வட்டைத் தூக்கி நிறுத்துகிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் வண்டியின் சக்கரம் தரையைத் தொடாமல் நீர்மேல் வழுக்குமே, அதே நிகழ்வு. அங்கே ஆபத்து, இங்கே உயிர்நாடி. ஆஸ்திரேலியாவில் அந்தோணி மிச்செல் 1905-லும், அமெரிக்காவில் ஆல்பர்ட் கிங்ஸ்பரி 1910-லும் தனித்தனியே காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு இது. பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆற்றின் மேலுள்ள ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 1912-ல் பொருத்தப்பட்ட கிங்ஸ்பரி தாங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் தேய்மானம் அநேகமாக இல்லாமல் உழைத்தது. உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை என்பதால் தேய எதுவும் இல்லை. நூறு டன்களைத் தாங்கும் நீர்மின் இயந்திரத்திலும், நம் கொல்லையில் ஆறு அங்குலத் துளைக்குள் தொங்கும் மோட்டாரிலும் ஒரே தத்துவம் வேலை செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனால் அந்தப் படலத்துக்கு வேகம் வேண்டும். வேகம் பாதிக்கும் கீழே போனால் படலம் மெலிகிறது. கார்பனும் எஃகும் உரசத் தொடங்குகின்றன. மின்வாரிய லைனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இது பிரச்சினையே இல்லை. மின்சாரம் சட்டென்று அறுபடுகிறது, மோட்டார் ஒரு நொடிக்குள் நின்றுவிடுகிறது. உரசும் நேரம் மிகக் குறைவு. ஜெனரேட்டரை அணைத்தால் மின்சாரம் அறுபடுவதில்லை, தேய்கிறது. எஞ்சின் மெல்ல மெல்ல வேகம் இழக்க, அதிர்வெண் 40, 30, 20 என்று இறங்க, மோட்டாரும் அதோடு இழுபட்டுக்கொண்டே, படலம் இல்லாத வேகத்தில், பல நொடிகள் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேகம் மாற்றும் கருவிகளில் ஓடும் மோட்டார்கூட 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு நொடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கட்டளையிடுகிறார்கள். ஜெனரேட்டரைப் பற்றியும் அவர்களின் கையேடு வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. முதலில் ஜெனரேட்டரைக் கிளப்பி, அதன் பிறகு மோட்டார். முதலில் மோட்டாரை நிறுத்தி, அதன் பிறகு ஜெனரேட்டர். பெட்ரோல் தீர்ந்து நிற்க விடவே கூடாது. ஒரு முறையில் தாங்கி போய்விடாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். அப்புறம் ஒரு நாள், கரண்ட் நன்றாக வந்துகொண்டிருக்கும் கோடையில், காரணம் தெரியாமல் மோட்டார் இறுகிப்போகும். அதற்குள் புயலையே எல்லாரும் மறந்திருப்பார்கள்.

பெட்ரோல் எவ்வளவு ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். ஆயிரம் லிட்டரை 60 மீட்டர் தூக்க இயற்கை கேட்கும் வேலை 588 கிலோஜூல், அதாவது 0.16 யூனிட். ஆனால் பம்பிலும் மோட்டாரிலும் பெரும்பகுதி போய்விடுவதால், ஒரு ஹெச்.பி. மோட்டார் அரை மணி நேரம் ஓடி ஏறத்தாழ 0.55 யூனிட் எடுத்துத்தான் அந்த ஆயிரம் லிட்டரைத் தரும். 4 கிலோவாட் ஜெனரேட்டர் அந்த அரை மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோலுக்குள் முடித்துவிடும். ஒரு குடும்பத்துக்குச் சிக்கனமாக இரண்டு நாளைக்கான தண்ணீர் அது. இதே ஜெனரேட்டரை இரவெல்லாம் மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஓட்டினால் ஐந்து லிட்டருக்கு மேல் குடிக்கும். பெட்ரோல் பங்குகள் மூடிக் கிடக்கும் நேரத்தில் இருக்கிற பெட்ரோலை எதற்குச் செலவிடுவது என்று கேட்டால், தண்ணீருக்கே என்பேன். தொட்டி, டிரம், குடம், அண்டா எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் நிரப்பிவிட்டு அணைத்துவிடுவது நல்லது. மோட்டார் புறப்படும்போது வேறு எந்தச் சாமானும் அந்த ஜெனரேட்டரில் இருக்கக் கூடாது. அதன் வோல்ட்டேஜ் சரிவையும், மோட்டார் நிற்கும்போது வரும் துள்ளலையும் ஃபிரிட்ஜ் தாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இதுவரை சொன்னதில் கெட்டுப்போவது பொருள். இனிச் சொல்வதில் போவது உயிர்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் வயரின் முனையிலும் ஆண் பிளக் வைத்து, வீட்டின் ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகி, வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்த மின்சாரம் வீட்டோடு நிற்பதில்லை. மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்கும், கம்பத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல், கீழ் என்ற பேதம் தெரியாது. 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே விகிதத்தில், கீழிருந்து போகும் 230 வோல்ட்டை ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். சாதாரண நாளில் தெருவின் மொத்தச் சுமையும் ஏறி ஜெனரேட்டர் உடனே திணறி நின்றுவிடும். புயலுக்குப் பிறகு அப்படி இல்லை. லைன் அங்கங்கே அறுந்து, தெரு துண்டாகிக் கிடக்கிறது. சுமை இல்லாததால் ஜெனரேட்டர் தாக்குப்பிடிக்கிறது. சப்ளை இல்லை என்று நம்பி அறுந்த கம்பியைக் கையில் எடுக்கும் லைன்மேனைக் கொல்ல அது போதும். ரிட்டர்ன் சப்ளை என்று மின்வாரியத் தொழிலாளர்கள் அஞ்சுவது இதைத்தான். வெளி மாவட்டத்திலிருந்து வந்து, பள்ளிக்கூடத் தரையில் படுத்தெழுந்து, நம் தெருவுக்கு வெளிச்சம் கொடுக்க ஏறுகிறவர்கள் அவர்கள். மெயினை அணைத்துவிட்டேனே என்பது போதுமான காப்பு இல்லை. யாரோ ஒருவர் அதை மறுபடி போட ஒரு விநாடி போதும். நியூட்ரல் பல வீடுகளில் இணைந்தபடியேதான் இருக்கும்.

வீட்டுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டுமென்றால், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேன்தான் போட வேண்டும், எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் ஜெனரேட்டரோடு எப்படிப் பொருத்துவது என்பதை அவர் பார்த்துச் சொல்வார். ஆனால் மோட்டாருக்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிட எளிய, செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. மோட்டார் பேனலுக்கு வரும் வயரை வீட்டு இணைப்பில் நேராக முடுக்காமல், ஒரு தொழிற்கூட வகைப் பிளக்கில் முடித்துவிடுங்கள். சாதாரண நாளில் அது சுவரிலுள்ள சாக்கெட்டில் இருக்கும். கரண்ட் போன நாளில் அங்கிருந்து பிடுங்கி ஜெனரேட்டரின் சாக்கெட்டில் செருக வேண்டும். ஒரு பிளக் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. எவ்வளவு அவசரத்திலும், எந்த இருட்டிலும், யார் செய்தாலும் ரிட்டர்ன் சப்ளை போகவே வழியில்லை.

இன்னொரு கொலையாளி கண்ணுக்குத் தெரிவதில்லை, மணப்பதும் இல்லை. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, பிறகு தூக்கம்; அதிலிருந்து பலர் எழுவதில்லை. அமெரிக்காவில் மட்டும் கையடக்க ஜெனரேட்டர் புகையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர் இறக்கிறார்கள் என்று அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வைக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. மழை பெய்கிறதே என்று போர்ட்டிகோவிலும் மாடிப்படியின் கீழும் மோட்டார் அறையிலும் வைப்பதுதான் நம் வழக்கம். மழைக்குச் சன்னலையும் சாத்தியிருப்போம். நான்கு பக்கமும் திறந்த ஒரு தகரக் கூரையை 20 அடிக்கு அப்பால் இப்போதே போட்டு வைத்துவிட்டால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருக்காது. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஓட்டத்துக்கு முன்பே நிறைத்துவிட்டால், இடையில் ஊற்றவும் வேண்டாம், தீர்ந்து நின்று தாங்கியைத் தேய்க்கவும் வேண்டாம்.

வாங்கி மூலையில் வைத்த ஜெனரேட்டர் தேவைப்படும் நாளில் கிளம்பாது. இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் கார்புரேட்டரில் நின்றால் படிந்து அடைக்கும். அதனால் வேலை முடிந்ததும் மோட்டாரின் இணைப்பைப் பிரித்துவிட்டு, பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு வைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வயர்மேனை வரவழைத்து, ஜெனரேட்டரை வெளியே எடுத்து, வீட்டில் உள்ள அனைவர் முன்னிலையிலும் ஒரு முறை மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். மோட்டாரின் ஹெச்.பி., ஓடும்போது ஆம்பியர், வோல்ட்டேஜ், ஹெர்ட்ஸ் நான்கையும் ஒரு அட்டையில் எழுதிப் பேனலின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதன் கீழேயே கிளப்பும் வரிசையையும் நிறுத்தும் வரிசையையும் எழுதிவிடுங்கள். அந்த நாளில் நீங்கள் வீட்டில் இல்லாமல் போகலாம்.